ஆராய்ச்சி ஸ்தாபனங்களை நடத்துவோர் யார்?

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களின் சமீப கால சரித்திரத்தைக் கவனிப்பவர்களுக்கு ஒரு விஷயம் தென்படாமற் போகாது. அப்பிரதேசத்து ஜனங்களின் வாழ்வைத் தொடும் பெரிய தீர்மானங்கள் யாவும் அப்பிரதேசத்துக்கு வெளியே செய்யப்பட்டன. செய்யப்பட்ட சில வருஷங்களில் மாற்றவும் பட்டன. 1995ல் திருச்சி ஜில்லாவிலிருந்து பெரம்பலூர் தனி ஜில்லாவாகப் பிரிக்கப்பட்டது. 2001ல் அதனின்றும் அரியலூர் பிரிந்தது. மறு வருஷமே, 2002ல், பிரிந்தது திரும்பச் சேர்ந்தது. 2007ல் சேர்ந்தது மறுபடியும் பிரிந்தது. பிரித்ததும் சேர்த்ததும் சரியா தவறா என்பது ஒரு புறம் இருக்கட்டும். ஆறே வருஷத்தில் மூன்று முறை ஒரு ஜில்லாவின் எல்லையை மாற்றியவர்கள், எந்த ஆராய்ச்சியின் பேரில் மாற்றினார்கள்? ஜனங்கள் வாங்கிப் படித்துப் பார்க்கத்தக்க அறிக்கை எதையும் நாம் கண்டதில்லை.

எல்லை போகட்டும்; நிலத்துக்கு வருவோம். ஜெயங்கொண்டத்தைச் சுற்றிலும் பழுப்பு நிலக்கரி கிடைக்கிறதென்றும், அதை வெட்டி எடுத்து மின்சாரம் உண்டாக்கப் போகிறோமென்றும் சொல்லி, 1990களில் பல கிராமங்களில் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் சர்க்கார் தரப்பில் எடுத்துக்கொள்ளப்பட்டது. நஷ்டஈடு போதாதென்று குடியானவர்கள் கோர்ட்டுப் படி ஏறினார்கள். நிலக்கரியும் வரவில்லை, மின்சாரமும் வரவில்லை. கால் நூற்றாண்டு கழிந்த பின்னர் திட்டமே கைவிடப்பட்டு, நிலத்தை உடையவர்களிடமே திருப்பிக் கொடுப்பதென்று முடிவாயிற்று. பெரம்பலூர் ஜில்லாவிலோ, விசேஷப் பொருளாதார மண்டலம் ஒன்றுக்கென்று சுமார் 3,000 ஏக்கர் திரட்டப்பட்டது. வருவதாகச் சொன்ன தொழில்கள் வருஷக் கணக்கில் வரவில்லை. 2022ல்தான் எறையூரில் காலணித் தொழிலுக்கான பூங்கா ஒன்றுக்கு அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டது.

பழைய புண்ணைக் கிளற வேண்டுமென்று நாம் இவற்றை எடுத்துச் சொல்லவில்லை. ஓர் ஏக்கர் வாங்கப் போகும் சாமானியக் குடியானவன் பட்டாவைப் பார்க்கிறான், வில்லங்கம் பார்க்கிறான், கிணற்றில் தண்ணீர் எத்தனை முழம் என்று எட்டிப் பார்க்கிறான், பக்கத்து நிலக்காரனை நாலு வார்த்தை விசாரிக்கிறான். ஆயிரக்கணக்கான ஏக்கரை எடுக்கும் சர்க்காருக்கு அந்த விசாரணையைச் செய்து கொடுக்க வேண்டியவர்கள் யார்? அதற்கென்றேதான் சர்வகலாசாலைகளிலும் அவற்றைச் சார்ந்தும் கொள்கை ஆராய்ச்சி ஸ்தாபனங்கள் என்று சில இருக்கின்றன. அவற்றுக்குப் பொதுப் பணம் போகிறது. ஆகவே அவற்றை நடத்துவோர் யார், அவர்களுக்குப் படியளப்பவர் யார், அவர்கள் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று கேட்கும் உரிமை வேப்பந்தட்டை வெங்காயக் குடியானவனுக்கும், செந்துறை முந்திரித் தோட்டக்காரனுக்கும் உண்டு என்பது நமது அபிப்பிராயம்.

கட்டிடமும் புஸ்தக சாலையும் ஸ்தாபனம் ஆகிவிடா. நடத்தும் மனிதர்களே ஸ்தாபனம். இதற்கு நம் தேசத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 1920ல் காந்தியடிகள் ஆமதாபாத்தில் ஸ்தாபித்த குஜராத் வித்யாபீடம், அந்நிய சர்க்காரின் தயவை நாடாத சர்வகலாசாலை. தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்குப் பரிசோதனை பயின்று, பம்பாயில் அந்தத் தொழிலை நடத்தி, அமெரிக்காவில் கொலம்பியா சர்வகலாசாலையில் பொருளாதாரம் வாசித்துத் திரும்பிய ஸ்ரீ ஜே. ஸி. குமரப்பா 1929ல் அங்கு போய்ச் சேர்ந்தார். கேடா ஜில்லாவின் மாதர் தாலூகாவை ஆராயும் பொறுப்பு அவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. வித்யாபீடத்து மாணவர்களை அழைத்துக்கொண்டு அவர் கிராமம் கிராமமாகச் சென்றார். வீட்டுக்கு வீடு வரவு செலவு எழுதினார். நிலவரியின் பாரம் குடியானவனுடைய சக்திக்கு மிஞ்சியதென்று அந்தக் கணக்கு காட்டிற்று. 1931ல் அது புஸ்தகமாக வெளிவந்தது. சர்க்காரை எதிர்த்து மேடையில் ஆயிரம் பேர் பேசினார்கள்; பேச்சுக்குச் சர்க்கார் பதில் சொல்லிவிடும். வீட்டுக்கு வீடு எழுதிய கணக்குக்குப் பதில் சொல்வது அத்தனை சுலபமல்ல. குமரப்பாவிடம் இருந்த மூலதனம் ஒரு தணிக்கைக்காரரின் கண்ணும், நடப்பதற்குக் கூசாத காலும்தான்.

சென்னை சர்வகலாசாலையிலும் ஒரு நல்ல மரபு உண்டு. 1915ல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தம்முடைய மாணாக்கர்களை அவரவர் சொந்த கிராமங்களுக்கே அனுப்பி, நிலம், கூலி, கடன், சாப்பாடு யாவற்றையும் எழுதி வரச் செய்தார். 1918ல் அது வெளியாயிற்று. இருபது வருஷம் கழித்து அதே கிராமங்களுக்கு அதே சர்வகலாசாலையைச் சேர்ந்த பி. ஜே. தாமஸும் கே. ஸி. ராமகிருஷ்ணனும் திரும்பச் சென்றார்கள்; அவர்களுடைய அறிக்கை 1940ல் வெளிவந்தது. அவ்வாறு ஆராயப்பட்ட கிராமங்களுள் ஒன்று விழுப்புரத்துக்குத் தெற்கே உள்ள இருவேல்பட்டு. 1981ல் எஸ். குகனும் அமெரிக்க அறிஞர் ஜோன் மென்ச்சரும் அங்கே மறுபடியும் போனார்கள். 2008ல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகிய மூவரும் போனார்கள். ஊரையே கையில் வைத்திருந்த ஒரு பெரிய மிராசுக் குடும்பத்தின் பிடி எவ்வாறு தளர்ந்தது, சேரியில் இருந்தவர்கள் வெளியூர்க் கூலி வேலை கிடைத்ததும் எவ்வாறு தலை நிமிர்ந்தார்கள் என்பதை ஏறக்குறைய நூறு வருஷக் கணக்காக நாம் இன்று அறிந்துகொள்ள முடிகிறதென்றால், அது ஒரே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போனவர்களின் பொறுமையால் விளைந்தது.

இருவேல்பட்டு சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் பெரிய சாலையில் இருக்கிறது. அதே சாலையில் இன்னும் தெற்கே, உளுந்தூர்ப்பேட்டையையும் தொழுதூரையும் தாண்டினால் பெரம்பலூர் எல்லை வந்துவிடும். ஆராய்ச்சியாளர்களின் மோட்டார் அங்கே ஏன் அவ்வளவாக நிற்பதில்லை என்று கேட்கத் தோன்றுகிறது.

தற்காலத்தில் இத்துறையில் தமிழ்நாட்டுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அடையாற்றிலுள்ள சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம். அதை ஸ்தாபித்தவர் டாக்டர் மால்கம் ஆதிசேஷையா. வேலூரில் பிறந்து, பாரிஸில் ஐக்கிய நாடுகளின் கல்வி கலாசார ஸ்தாபனமாகிய யுனெஸ்கோவில் துணை டைரக்டர் ஜெனரலாக 1970 வரை இருந்தவர். அவ்வளவு பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று வருவோர் ஊட்டியிலோ கொடைக்கானலிலோ பங்களா கட்டிக்கொண்டு சுகமாக இருந்துவிடுவது வழக்கம். அவரும் அவருடைய மனைவியார் எலிஸபெத் அம்மையாரும் தங்கள் சொந்தச் சேமிப்பைப் போட்டு 1971ல் இந்த நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1977ல் அது இந்திய சமூக விஞ்ஞான ஆராய்ச்சிக் கவுன்ஸிலின் ஆதரவில் தேசிய ஸ்தாபனமாக மாற்றி அமைக்கப்பட்டது. அது முதல் மத்திய சர்க்காரின் பணமும் தமிழ்நாட்டு சர்க்காரின் பணமும் அதற்கு ஆதாரமாயின. சென்னை சர்வகலாசாலைக்கே துணைவேந்தராகவும் ஆதிசேஷையா இருந்தார்.

அவருக்குப் பின் டைரக்டராக வந்த பேராசிரியர் சி. டி. குரியன், தாம்பரம் கிறிஸ்தவக் கலாசாலையில் பொருளாதாரம் போதித்தவர். 1950 முதல் 1975 வரை தமிழ்நாட்டுக் கிராமங்களில் விளைச்சல் பெருகியும் ஏழையின் நிலை ஏன் அதற்கேற்ப உயரவில்லை என்ற சங்கடமான கேள்வியை எடுத்துக்கொண்டு 1981ல் நூல் எழுதியவர். சர்க்காரின் பணத்தில் நடக்கும் ஸ்தாபனத்தின் தலைவர் இத்தகைய கேள்வியைக் கேட்டார் என்பதை நம் நேயர்கள் கவனிக்க வேண்டும். 2024ல் அவர் காலமானபோது, இருக்க வேண்டிய அளவு அது பேசப்படவில்லை என்பது நமது வருத்தம். எஸ். குகனோ, தமிழ்நாட்டு சர்க்காரின் நிதிக் காரியதரிசியாக இருந்தவர். பொக்கிஷத்தின் சாவியைக் கையில் வைத்திருந்த மனிதர், பின்னர் அடையாற்றில் உட்கார்ந்து முதியோர், விதவைகள், கூலிக்காரர்களின் பாதுகாப்பைப் பற்றி எழுதினார். காவேரித் தகராறைப் பற்றி 1993ல் அவர் எழுதிய நூல் சமரஸ வழியைத் தேடியது. கொள்ளிடக் கரையில் திருமானூர்ப் பக்கத்துக் குடியானவர்களுக்கு அது சம்பந்தப்பட்ட விஷயந்தான். ஆனால் அதை வாசிக்க அவர்களுக்கு இங்கிலீஷ் தெரிந்திருக்க வேண்டும்.

சர்க்காரிலிருந்து ஆராய்ச்சிக்கு வருவது ஒரு வழியென்றால், ஆராய்ச்சியிலிருந்து சர்க்காருக்குப் போவது மற்றொரு வழி. இருவேல்பட்டுக்குச் சென்ற மூவரில் ஒருவராகிய ஸ்ரீ ஜெயரஞ்சன், 2021ல் தமிழ்நாட்டு சர்க்காரின் வளர்ச்சிக் கொள்கைக் குழுவுக்குத் துணைத் தலைவராக நியமிக்கப்பட்டார். கிராமத்தை நேரில் அறிந்தவர் கொள்கை வகுக்கும் இடத்துக்குப் போவது நல்லதே. எனினும், இந்த இரு வழிப் பாதையில் ஓர் அபாயமும் உண்டு. நாளை உத்தியோகம் கொடுக்கக் கூடியவரை இன்று கண்டிப்பது மனித சுபாவத்துக்குக் கஷ்டமான காரியம். நாம் எந்தத் தனி மனிதரையும் குறித்து இதைச் சொல்லவில்லை. ஏற்பாட்டைக் குறித்தே சொல்லுகிறோம். அறிஞருடைய நாணயத்தை மட்டும் நம்பி ஓர் ஏற்பாடு நிற்கக் கூடாது.

ஆகையால் டைரக்டரைத் தேர்ந்தெடுப்பவர் யார் என்பதே இதில் உயிரான கேள்வி. 1895ல் லண்டன் பொருளாதாரக் கலாசாலையை ஆரம்பித்த ஸிட்னி வெப் முதலியோர் பேபியன் சோஷலிஸ்டுகள். அவர்கள் முதல் டைரக்டராகப் பொறுக்கியதோ ஹ்யூவின்ஸ் என்பவரை. அவர் அவர்களுடைய கட்சிக்காரர் அல்லர். எட்டு வருஷங்களுக்குப் பின் கன்ஸர்வேடிவ் பக்கத்து ஜோஸப் சேம்பர்லேனின் சுங்கவரி இயக்கத்துக்கு வேலை செய்யவே அவர் போய்விட்டார். தங்கள் கருத்தைச் சோதிக்கக் கூடியவரையே தங்கள் செலவில் வைத்துக்கொள்ளும் துணிவு ஸ்தாபகர்களுக்கு இருந்தது. நம் தேசத்தில் 1930ல் புணேயில் தோன்றிய கோகலே அரசியல் பொருளாதார ஸ்தாபனம் ஸ்ரீ டி. ஆர். காட்கில் என்ற ஒரே தலைவரின் கீழ் முப்பத்தாறு வருஷங்கள் தழைத்தது. அதே ஸ்தாபனத்தில் 2024ல் துணைவேந்தர் பதவிக்கு இருந்தவரின் தகுதியைப் பற்றி எழுந்த தகராறு ஹைகோர்ட் வரை போயிற்று. வேந்தரும் விலகினார், துணைவேந்தரும் விலகினார். யார் பக்கம் நியாயம் என்று நாம் தீர்ப்புக் கூற வரவில்லை. நிர்வாகிகள் தங்களுக்குள் வழக்காடிக்கொண்டிருக்கும் வேளையில் மகாராஷ்டிரத்துக் குடியானவனின் கணக்கை எழுதுவது யார் என்றுதான் கேட்கிறோம்.

பொறுப்பு என்ற சொல்லுக்கு அரியலூரில் விசேஷ அர்த்தம் உண்டு. 1956ம் வருஷம் நவம்பர் 23ந் தேதி விடியற்காலம், வெள்ளப் பெருக்கில் மருதையாற்றுப் பாலம் இடிந்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். டில்லியில் இருந்த ரயில்வே மந்திரி ஸ்ரீ லால் பகதூர் சாஸ்திரி, அந்தப் பாலத்தைக் கட்டியவரும் அல்லர், பரிசோதித்தவரும் அல்லர். ஆனாலும் ராஜிநாமாச் செய்தார். ஜெயங்கொண்டத்தில் கால் நூற்றாண்டு காலம் நிலத்தை முடக்கிய கணக்கைப் போட்டவர் எவர், சரிபார்த்தவர் எவர் என்று இன்று விசாரித்தால் ஒரு பெயரும் அகப்படாது.

இனி, செய்ய வேண்டியதைப் பற்றி. இவ்விரு ஜில்லாக்களும் 1982ல் ஏற்பட்ட பாரதிதாசன் சர்வகலாசாலையின் எல்லைக்குள் அடங்கியவை. 2011 ஜனக் கணக்கின்படி பெரம்பலூரின் ஜனத்தொகை 5,65,223. தமிழ்நாட்டு ஜில்லாக்களில் அன்று அதுவே யாவற்றிலும் குறைந்தது. அரியலூரின் ஜனத்தொகை 7,54,894. எழுத்தறிவில் இரண்டுமே தமிழ்நாட்டின் சராசரிக்குக் கீழே இருந்தன. சட்டசபையில் ஸ்தானங்களும் குறைவு, சப்தமும் குறைவு. ஓட்டுப் பலம் குறைந்த பிரதேசத்துக்கு ஆராய்ச்சிப் பலம் அதிகமாக வேண்டும். ஆகவே இவ்விரு ஜில்லாக்களுக்குமென்று சர்வகலாசாலை ஒரு கொள்கை ஆராய்ச்சி நிலையம் ஏற்படுத்த வேண்டுமென்று நாம் யோசனை கூறுகிறோம். பெரிய மாளிகை வேண்டாம். பெரம்பலூரிலோ அரியலூரிலோ ஒரு வாடகை வீடு போதும்.

ஆனால் அதன் நிர்வாக சபை எப்படி அமைய வேண்டும் என்பதில் நாம் கண்டிப்பாக இருக்கிறோம். கலெக்டரும், சிமெண்டு ஆலைகளின் பிரதிநிதியும், ஓய்வு பெற்ற இரண்டு காரியதரிசிகளும், மூன்று பேராசிரியர்களும் கூடி டீ அருந்திக் கலையும் சபையாக அது இருக்குமானால், அது இல்லாமலிருப்பதே மேல். விவசாயிகளின் சங்கங்களிலிருந்தும், கூலிக்காரர்களின் சங்கங்களிலிருந்தும், பெண்களின் சுய உதவிக் குழுக்களிலிருந்தும், கிராமப் பஞ்சாயத்துகளிலிருந்தும் வந்தவர்கள் சபையில் பாதிக்குக் குறையாமல் உட்கார வேண்டும். டைரக்டருக்கு நிச்சயமான காலவரை வேண்டும். அந்தக் காலத்துக்குள் அறிக்கை கசக்கிறதென்பதற்காக அவரை நீக்கக் கூடாது. எவரிடமிருந்து எவ்வளவு பணம் வந்தது என்பது வருஷந்தோறும் பகிரங்கமாக வேண்டும். அறிக்கைகள் முதலில் தமிழில் வர வேண்டும். இங்கிலீஷில் மொழிபெயர்ப்பு வேண்டுபவர்கள் பிற்பாடு செய்துகொள்ளட்டும். அடையாற்று அறிஞர்களின் உழைப்பை நாம் மதிக்கிறோம். ஆனால் தமிழ்நாட்டின் ஏழ்மையைப் பற்றிய அவர்களுடைய எழுத்தில் மிகப் பெரும் பகுதி, அந்த ஏழை வாசிக்க முடியாத பாஷையில் இருப்பது நமக்கு இன்றும் உறுத்துகிறது.

'நிபுணர்கள் செய்ய வேண்டிய ஆராய்ச்சியில் குடியானவனுக்கு என்ன வேலை?' என்று சிலர் கேட்பார்கள். சின்ன வெங்காயத்தைக் காற்றோட்டமான பட்டறையில் போட்டு, அழுகாமல் காத்து, விலை ஏறும் மாதத்துக்காகக் காத்திருப்பவன் பெரம்பலூர்க் குடியானவன். எப்போது விற்றால் கட்டும், எப்போது வட்டிக்காரன் காத்திருக்க விடமாட்டான் என்பது அவனுக்குத் தெரிந்த அளவு எந்த நிபுணருக்கும் தெரியாது. 2018ல் மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்தபோது, குருத்தை விரித்துப் பார்த்து முதலில் கண்டவனும் அவனே. என்ன கேள்வி கேட்க வேண்டும் என்பதை அவன் சொல்லட்டும். அதற்குக் கணக்கு எப்படிப் போட வேண்டும் என்பதை நிபுணர் சொல்லட்டும். நல்ல அறிஞர்கள் சிற்றூருக்கு வந்து வசிப்பார்களா என்பது இன்னொரு ஆட்சேபம். கொலம்பியாவிலிருந்து வந்தவர் மாதர் தாலூகாவில் நடந்தார். வர மறுப்பவரை வற்புறுத்த வேண்டாம். குரும்பலூரிலும் அரியலூரிலும் உள்ள கலாசாலைகளின் மாணவர்களைக் கொண்டு, ஸ்லேட்டர் செய்தது போல், அவரவர் ஊரிலிருந்தே தொடங்கலாம்.

முதல் ஆராய்ச்சி எதுவாக இருக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் அரியலூர் கடலாயிருந்தது. அக்கடலின் ஜீவன்கள் விட்டுப்போன சுண்ணாம்புதான் இன்று சிமெண்டாகி ஊரூராகப் போகிறது. போகும் லாரிகளின் புழுதியும், வெட்டியபின் விட்ட பள்ளங்களும் ஊருக்கு மிஞ்சுகின்றன. 2015ல் திருத்தப்பட்ட கனிமச் சட்டத்தின்படி, சுரங்கக் குத்தகைக்காரர்கள் சர்க்காருக்குக் கட்டும் ராயல்டிக்கு மேல் ஒரு பங்கை ஜில்லா கனிம நிதிக்குச் செலுத்த வேண்டும். அவ்வருஷ ஆரம்பத்துக்கு முந்திய குத்தகைகளுக்கு ராயல்டியில் நூற்றுக்கு 30. பிந்தியவற்றுக்கு நூற்றுக்கு 10. அந்தப் பணம் சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஜனங்களுக்கும் இடங்களுக்கும் உரியதென்று சட்டமே சொல்லுகிறது. அரியலூரில் இதுவரை எந்த ஆலை எவ்வளவு செலுத்திற்று, எந்தக் கிராமத்தில் எவ்வளவு செலவாயிற்று, குடிதண்ணீருக்கு எத்தனை, ஆஸ்பத்திரிக்கு எத்தனை, பள்ளத்தைச் சுற்றி வேலி போட எத்தனை என்ற கணக்கைக் கிராம வாரியாக எடுத்து, எளிய தமிழில் அச்சிட வேண்டும். ஒரு பேராசிரியரும் இருபது மாணவர்களும் ஒரு கோடை விடுமுறையில் முடிக்கக் கூடிய வேலை இது. சர்வகலாசாலையின் ஸிண்டிகேட் இதற்கு உத்தரவளிக்குமானால், அக்டோபர் 2ந் தேதி கிராம சபைகள் கூடும்போது, ஒவ்வொரு ஊரின் பக்கத்தையும் அந்தந்த ஊரில் உரக்க வாசித்துக் காட்டலாம்.